வளையக்கா எடுத்த இன்னொரு துணுக்கு

உலோக வளையத்தை முதலில் தன் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நோயாளியின் பக்கத்தில் உட்காருவார். "பாருங்க, கிரீடம் மாதிரி இல்ல? நாலு இடத்துல எறும்பு கடிக்கும். அப்புறம் மரத்துப் போயிடும்." மூளை அறுவை மருத்துவர். நர்சுகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் வளையக்கா. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார். ஊசியை அரை மில்லிமீட்டர் பிசகாமல் இறக்குபவர், காரை நிறுத்தினால் மட்டும் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்வார்.

மூளைக்குள் இருப்பது என்ன கட்டி என்று சொல்ல, ஒரு துணுக்குச் சதை வேண்டும். மண்டையைத் திறந்து எடுத்தால் தாராளமாகக் கிடைக்கும். கட்டி ஆழத்தில் இருந்தால் போகிற வழியெல்லாம் சேதாரம். தலையில் வளையத்தைத் திருகி, அதில் அளவு வைத்து, சிறு துளை வழியாக ஊசியை இறக்கலாம். வளையமே இல்லாமல், கணினித் திரையைப் பார்த்தும் இறக்கலாம். பக்கத்து அறை மருத்துவர் திரைக் கட்சி.

"இன்னும் எத்தனை நாளைக்குக்கா இந்த இரும்பைக் கட்டிட்டு அழுவீங்க?"

"பெரிய கட்டின்னா நானும் உன் திரைகிட்டதான்பா வரேன். நோயாளிக்கும் சுகம். அடியாழத்துல கோலிக்குண்டு அளவுக்கு இருந்தா, எனக்கு இரும்புதான் நிம்மதி."

அன்று வந்தவர் ஒரு தையற்காரர். வலது கை கத்தரிக்கோலைப் பிடிக்க மறுத்தது. கட்டி ஆழத்தில், பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில். "உங்க கூடப் பொறந்தவரா இருந்தா எதைச் செய்வீங்க?" என்று அவர் மனைவி கேட்டார். "இதையேதாம்மா" என்று தலையிலிருந்த வளையத்தைத் தட்டிக் காட்டினார் வளையக்கா.

மயக்க மருந்து இல்லை. மரத்துப்போகும் ஊசி மட்டும். நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். பேச்சு குழறினால் கை நின்றுவிடும். "சட்டைக்கு எப்படிண்ணா அளவு எடுப்பீங்க?" கழுத்து, தோள், கை என்று அவர் சொல்லச் சொல்ல ஊசி இறங்கியது. துணுக்கு எதிர் ஆய்வகத்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தொலைபேசி வந்தது.

"அக்கா, இது வெறும் செத்த சதை. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

இப்படிப்பட்ட கட்டியின் நடு செத்துக் கிடக்கும், ஓரத்தில்தான் உயிருள்ள சதை இருக்கும்; நட்டநடுவில் கிள்ளியது தன் தப்பு என்று அக்காவுக்கு உறைத்தது. இத்தோடு முடித்தால் நோய் தெரியாது. இன்னொரு துணுக்கு எடுத்தால் இரத்தம் கசியலாம், இந்த மனிதரின் பேச்சே நின்றுபோகலாம். நல்லவேளை, வளையம் வைத்த இடத்தில் அசையாமல் இருந்தது. ஆழத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, ஊசியைக் கட்டியின் ஓரத்துக்கு ஏற்றினார். கிள்ளினார்.

"காலருக்கு?"

தையற்காரர் பேசவில்லை. அக்காவின் கை நின்றது.

"காலர்... அது போடுறவரோட கழுத்தைப் பொறுத்ததும்மா" என்றார் அவர், நிதானமாக யோசித்து.

மறுபடி தொலைபேசி. "புற்று இல்லக்கா. காசநோய்க் கட்டி மாதிரி தெரியுது. கிருமிச் சோதனை வரட்டும். மருந்துலயே கரைஞ்சிடும்."

வளையக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னார்.

தையற்காரரின் மனைவி நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தார். கதவு திறந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். வளையக்கா வாசலிலேயே நின்று, முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, தன் சிரிக்கும் முகத்தை அந்த அம்மா பார்த்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் நடக்கத் தொடங்கினார்.