இரண்டு தட்டினால் ‘இருக்கியா?’

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மண்டை பிளக்கும் வெயிலில். பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். தொழிற்சாலைப் பேய்க்குப் பகல் ஷிஃப்ட்டும் உண்டு.

நடந்தது யாருக்கு என்றால், ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் ஆளுக்கு. கெமிக்கல் டேங்கர் லாரிகளைக் கழுவும் கொட்டகையில் அவருக்கு வேலை. ஒருவன் டேங்கருக்குள் இறங்கி, அடியில் படிந்திருப்பதைச் சுரண்டிக் கழுவுவான். இவர் மேலே, மூடி திறந்த வாய் ஓரம் நிற்பார். நிற்பதுதான் வேலை. நடுநடுவே கையிலிருக்கும் ஸ்பானரால் டேங்கரை இரண்டு தட்டுவார். ‘இருக்கியா?’ என்று அர்த்தம். உள்ளேயிருந்து ஒரு தட்டு திரும்பி வரும். ‘இருக்கேன்.’ டேங்கருக்குள் காற்று கெட்டுவிட்டால் கத்துவதற்கு உடம்பில் தெம்பு இருக்காது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று கேலி பேசுகிறவர்களிடம், “நான் நகர்ந்தா ஒரு உசுரு நகரும்” என்பார். அதை ஒரு கெத்தோடு சொல்வார். வருடக்கணக்கில் நகர்ந்ததும் இல்லை.

அந்தச் சமயம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது அவருடைய மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். மனைவி தினமும் வாசலில் நின்று ஒரே பாட்டைப் பாடுவாள்:

“என் தம்பி உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க தும்முறதுக்குக்கூட அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. சொல்லிட்டேன்.”

இதற்கிடையில் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி வீணாகப் புகை விடுகிறது, இனி ஒரு வண்டியும் காலியாக ஓடக் கூடாது என்றார். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் போகும்போது ஒரு கெமிக்கல், வரும்போது வேறு கெமிக்கல் என்றால் இரண்டு தடவையும் டேங்கரைக் கழுவ வேண்டும். கழுவுகிற வேலை இரட்டிப்பானது. கழுவுகிற ஆட்கள் இரட்டிப்பாகவில்லை. ஆள் இறங்குவதற்கு முன் உள்ளே ஒரு மணி நேரம் காற்று ஊத வேண்டும். அது அரை மணி நேரமானது. சரக்கு குவிந்ததால் பழைய டேங்கர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தார்கள். அடிமாட்டு விலை. ஏன் அவ்வளவு மலிவு என்று யாரும் கேட்கவில்லை. மலிவாகக் கிடைக்கும்போது யார்தான் கேட்பார்கள்?

புகை குறைந்தது. அதற்காகக் கம்பெனிக்குப் பரிசு வந்தது. பரிசுக் கேடயம் வந்த அன்று கொட்டகையில் நின்றது அந்தப் பழைய டேங்கர்.

மைத்துனன் இறங்கினான். உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள். மேலே சக்கரத்தில் சுற்றியிருக்கும் இடுப்புக் கயிறு, நகரும்போதெல்லாம் அவற்றில் சிக்கியது. கழற்றித் தொங்கவிட்டான்.

“கயித்தக் கட்டு மாப்ள.”

“கட்டினா மாடு மாதிரி இருக்கு மாமா. அதான் மேல நீங்க இருக்கீங்கல்ல.”

மூன்று மணிக்கு மேனேஜரின் டிரைவர் ஓடி வந்தார்.

“போட்டோ எடுக்கிறாங்க. கழுவுற செக்‌ஷன்லேர்ந்து ஒரு ஆளு வேணுமாம். ஹெல்மெட்டோட வாங்க.”

“நகரக் கூடாதுங்க.”

“ரெண்டு நிமிஷம். பேப்பர்ல வருமாம்.”

ஸ்பானர் ஒரு கணம் நின்றார். டேங்கரை இரண்டு தட்டினார். உள்ளேயிருந்து ஒன்று வந்தது. இருக்கிறான். ரெண்டு நிமிஷம்தானே... ஏணியில் இறங்கினார்.

போட்டோக்காரர் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று எல்லோரையும் இடம் மாற்றினார். மேனேஜர் தலை வாரினார். பிறகு கேடயத்தைத் துடைத்தார். பின்வரிசையில் நின்ற ஸ்பானரிடம், “ஹெல்மெட் தெரியட்டும், முன்னாடி வாங்க” என்றார்கள். வந்தார். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார். பிற்பாடு அவருடைய தூக்கத்தைத் தின்றது அந்தச் சிரிப்புதான். அரைச் சிரிப்புகூட இல்லை. பல் தெரிந்த சிரிப்பு.

திரும்பி வந்து ஏணியில் ஏறும்போது மணி 3.22.

சுரண்டும் சத்தம் இல்லை.

வேலை முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே தட்டினார்.

டக்... டக்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் தட்டினார். இந்தத் தடவை வந்தது.

டக்... டக்.

இரண்டு.

“மாப்ள, விளையாடாத.”

சத்தம் வந்தது டேங்கரின் பின்கோடியிலிருந்து. மைத்துனன் சுரண்டிக்கொண்டிருந்தது முன்பக்கம்.

டக்... டக்.

இருக்கியா?

வெளியே நிற்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி. அதை உள்ளேயிருந்து யாரோ கேட்கிறார்கள்.

எட்டிப் பார்த்தார்.

வாய்க்கு நேர் கீழே மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். முகம் மட்டும் வாய்ப் பக்கம், நல்ல காற்றுப் பக்கம் நிமிர்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. கை இரண்டும் துணி போலத் தொங்கின.

பாதம் தரையில் படவில்லை.

மார்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிறுதான் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தார்.

கயிறு தொய்ந்து கிடந்தது.

அப்படியென்றால்... அவனைப் பிடித்திருப்பது எது?

கத்தினார். கயிற்றுச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். கயிறு இறுகியது. இறுகிய பிறகுதான், அதுவரை பிடித்திருந்தது விட்டது. பாரம் மெல்ல அவர் கைக்கு வந்தது. ஒரு குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவது போல.

பின்கோடியில்...

டக்... டக்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். கயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிச்சைப் போடவும் அவிழ்க்கவும் கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மைத்துனன் பிழைத்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நின்றது. அவன் முதலில் பேசிய பேச்சு இது:

“மாமாதான் உள்ள வந்து கயித்தக் கட்டினாரு. இல்லன்னா நான் இல்ல.”

ஸ்பானர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மாமியார், “எனக்கு மருமகன் இல்ல, இன்னொரு மகன்” என்றாள். திறந்த வாயை ஸ்பானர் மூடிக்கொண்டார்.

கம்பெனியில் மறுபடியும் போட்டோ. இந்தத் தடவை தனியாக. சிரிக்கச் சொன்னார்கள், வரவில்லை. தன்னடக்கம் என்றார்கள். காற்று ஊதும் நேரத்தை ஒரு மணி நேரமாக்கினார்கள். பழைய டேங்கரை மேனேஜர் அதே வாரம் விற்றுவிட்டார். அடிமாட்டு விலைக்கு.

மனைவி அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். சாப்பாட்டில் பெரிய துண்டு அவர் தட்டுக்குத்தான் வந்தது. அவர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். யாராவது பாராட்டினால் காது சுட்டது. தெருவில் போட்டோ ஸ்டுடியோ இருக்கும் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

கடைசியில் பொறுக்க முடியாமல், மைத்துனன் வீடு திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக்கு அவனை அழைத்துப் போனார்.

“மாப்ள, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என்ன வேணா திட்டு.”

“சொல்லுங்க மாமா.”

“அன்னிக்கு நான் இறங்கல. கயிறு நான் கட்டல. நான் அங்கயே இல்ல. நான்...”

“போட்டோவுக்குப் போயிருந்தீங்க.”

ஸ்பானருக்குத் தலை குனிந்தது. நிமிரவில்லை.

“யாரு சொன்னா?”

மைத்துனன் கைப்பிடிச் சுவரில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

“தல சுத்தி விழுந்துட்டேன். பின்னாலேர்ந்து ரெண்டு கை தூக்குச்சு. ஜில்லுனு இருந்துச்சு. நீங்கன்னுதான் நெனச்சேன். அப்பறம் காதுகிட்ட ஒரு குரல். ‘பயப்படாத தம்பி. உன் ஆளு போட்டோவுக்குப் போயிருக்கான். வந்துருவான்’னுச்சு.”

“அப்ப ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும் ஏன்டா என்னைச் சொன்ன?”

“அக்கா நின்னுட்டிருந்துச்சு. வேற யாரச் சொல்றது மாமா?”

கீழே மனைவி யாருக்கோ போட்டோவைக் காட்டிப் பேசுவது கேட்டது. ஸ்பானர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“அது யாருன்னு நீ கேக்கலயா?”

“அதைக் கேக்கத் தோணல. ‘அண்ணே, உங்க ஆளு எங்கண்ணே’ன்னு கேட்டேன்.”

“என்ன சொல்லுச்சு?”

“‘டீ குடிக்கப் போனான். இன்னும் வரல’ன்னுச்சு.”