சுதர்சினியின் ட்ரோனும் குளவிக்கூடும்

என் பெண்டாட்டி சுதர்சினிக்குக் கண்டி டவுனில் மருந்துக்கடை வேலை. லீவு நாளில் கேமரா ட்ரோன் பறக்கவிடுவாள். அதைக் கிளப்பும் முன் இறக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பாள். நகத்தில் ஒரு கீறல் தட்டினாலும் போதும், கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூட்டுவாள்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன்டி வீணாக்குற?" என்று கத்துவேன். நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். மழுங்கின டயரோடு கடுகண்ணாவை மலைப்பாதையில் ஏறினவன்.

"மேல சுத்துறப்ப உடைஞ்சா யாரு தலையிலங்க விழும்?" என்பாள். ஆட்களின் தலைக்கு மேலே ஒருநாளும் ஓட்டமாட்டாள். இவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பேன்.

ட்ரோனைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டது அவள் அம்மா அன்னலட்சுமி. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். "பொறந்ததுலருந்து இந்த மலையிலதான் நிக்கிறேன் புள்ள. முழுசா எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல." அதற்காகவே தோட்டத்துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம்.

மத்தியானம் அத்தையும் மற்றப் பெண்களும் சரிவில் ஒரு பெரிய மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தள்ளி, மேல் ரோட்டில் நின்றோம். சுதர்சினி அந்த மரத்தைச் சுற்றி விலக்கி ஓட்டி, அப்பால் ஓடைப் பள்ளத்துக்கு மேலே ட்ரோனை நிறுத்தினாள். போனில் மலை முழுவதும் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது.

எங்கிருந்து வந்ததோ ஒரு பருந்து, ட்ரோனை ஒரே அடி! அது சுழன்று போய் ஓடையோர மரக்கிளையொன்றில் உரசி, எப்படியோ நிமிர்ந்தது. சத்தம் மட்டும் கரகரவென்று மாறிவிட்டது.

"இறக்கை போச்சு," என்றாள் சுதர்சினி. பள்ளத்திலிருந்து ஏறிய காற்று அதை மரத்தை நோக்கித் தள்ளியது.

"திரும்பி வர்ற பட்டன அமுக்கு!"

"அமுக்கினா நேரா மரத்துக்குள்ளதாங்க பாயும். ஐயோ, இங்க பாருங்க!"

போனைப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே, கிளைக்கு அடியில், கறுப்பாக ஒரு முறம் அளவுக்குத் தொங்கியது. அதன் மேற்பரப்பு அலை அலையாக நெளிந்தது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. என் சித்தப்பாவைக் குளவி கொட்டித்தான் பறிகொடுத்தோம்.

"கத்திடாதீங்க. எல்லாரும் பதறி ஓடினா அது கிளம்பிரும். நடந்து போயி அம்மாவ கூட்டிட்டு வாங்க."

"ட்ரோன்?"

"போங்கன்னு சொல்றேன்ல!"

போனேன். தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். தலைக்கு மேலே அந்தக் கரகரப்பு கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

"வாங்க மாப்புள, ரொட்டி தின்றீங்களா?" என்று அத்தை சிரித்தார். விரலை மேலே காட்டினேன். அவர்களுக்கு இலைதான் தெரிந்தது.

"குளவி," என்றேன் மெதுவாக. "சத்தம் போடாம எந்திரிங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடந்தோம். கரகரப்பு இப்போது எங்கள் உச்சந்தலைக்கு நேரே. பிறகு கொஞ்சம் விலகியது. திடீரென்று நின்றும் போனது. மோதிவிட்டது, தொலைந்தோம் என்று கண்ணை மூடினேன். எதுவும் வரவில்லை.

ரோட்டுக்கு ஏறி வந்தபோது சுதர்சினி ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் உள்ளுக்கு இழுத்துப் பிடித்தபடியே நின்றாள். "காத்தோட மல்லுக்கட்டி ஓடை வரைக்கும் கொண்டுபோய் மோட்டார நிப்பாட்டிட்டேன்," என்றாள். ஆசையாக வாங்கின சாமான் பாறையில் விழுந்து சுக்குநூறு. அதற்கு அவள் அழவில்லை.

போனில் பதிவாகியிருந்ததை அத்தை பார்த்தார். மலையைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் பார்த்தார். "இங்கனதான் காலையிலயும் உக்காந்து தேத்தண்ணி குடிச்சோம்," என்றார். அப்போதுதான் சுதர்சினி அழுதாள்.

தோட்ட ஆபீஸில் சொன்னோம். கூட்டைக் கலைத்தால் இன்னும் ஆபத்தாம். அந்த மரத்தடிச் செடிவரிசையை, அந்த ஒரு நிரையை மட்டும் விட்டுவிட்டு மற்ற நிரைகளில் கொழுந்து எடுக்கச் சொன்னார்களாம். குளவிக்கு நிரை தெரியுமா?

அத்தை இன்றைக்கும் அதே மலைக்குத்தான் போயிருக்கிறார். பகலில் அவருடைய நம்பரிலிருந்து போன் வந்தால் சுதர்சினி எடுப்பதில்லை, என்னிடம் நீட்டுகிறாள். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தவன் நான்தான். எடுத்து, "அத்தை?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் அவர் குரல் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.