இரண்டு வாசல் வீடும் ஸ்யாமளாவின் தெருக்கணக்கும்

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்த புதிதில், மகாலுக்குக் கிழக்கே உள்ள சந்துகளில் ஸ்யாமளா அடிக்கடி வழி தவறினாள். வேறொருவராக இருந்தால் எரிச்சல்பட்டிருப்பார்கள். கணக்கு டீச்சரான அவளுக்கோ அதில் ஒரு கேள்வி கிடைத்தது. சில தெருக்களில் நுழைந்தால் எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம். சில தெருக்கள் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விடுவதே இல்லை. இதை அளக்க முடியுமா?

எண்பத்தொன்றாம் வருஷம், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டாள். நகர வரைபடத்தில் ஒவ்வொரு தெரு முக்குக்கும் ஓர் எண் கொடுத்தாள். எந்த முக்கிலிருந்து எந்த முக்குக்குத் தெரு போகிறது என்பதை அட்டைகளில் துளையிட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். ஓரிடத்திலிருந்து மற்ற இடங்களுக்கெல்லாம் போக எத்தனை தெரு மாற வேண்டும் என்று அது எண்ணிச் சொல்லும். குறைவாக மாறினால் போதுமென்றால் அது நன்றாக இணைந்த தெரு.

மாசி வீதிகள் முன்னால் நின்றன. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அடுத்தடுத்து முதுகு ஒட்டிக் கிடந்த இரண்டு சௌராஷ்டிரர் தெருக்களை வெகுதூரம் என்றது கம்ப்யூட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெயின் ரோடு வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டுமாம்.

நேரில் பார்த்துவிடலாம் என்று போனாள். தெருவில் நின்று கவனித்தபோது, குடத்தோடு ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் போனாள். பின்னாலேயே இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு ஆள். போன யாரும் திரும்பி வரவில்லை.

ஸ்யாமளா தயங்கியபடி எட்டிப் பார்த்தாள். உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரி நாகமணி நிமிர்ந்தாள்.

"அந்தத் தெருவுக்குத்தானே? நேராப் போங்க. சாமி ரூமைத் தாண்டணும், செருப்பை மட்டும் கையில எடுத்துக்கங்க."

"எல்லாரும் இப்படித்தான் போவாங்களா?"

"நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து போறாக. கேட்டா எம்புட்டு தூரம் சுத்துறதுன்றாக. போகட்டுமேன்னு விட்டாச்சு."

ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் கல்யாணராமனிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "அது தெருவா, அந்தம்மாவோட நல்ல மனசா? நல்ல மனசுக்கு எப்படி அட்டை அடிப்பே?"

"கதவு திறந்திருந்தா தெரு, மூடியிருந்தா வீடு. ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்துடறேன் சார்."

போட்டுப் பார்த்தாள். அந்த ஒரு வீட்டைச் சேர்த்ததும் கிழக்குச் சந்துகள் அத்தனையும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. சந்தோஷம் தாங்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் நாகமணியிடம் சொன்னாள். நாகமணியின் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"மிஷின்ல எங்க வீட்டைத் தெருன்னு போட்டுட்டீகளா? நாளைக்கு கார்ப்பரேசன்ல வந்து ரோடுன்னு எடுத்துக்க மாட்டாகளா டீச்சர்?"

ஸ்யாமளாவுக்குச் சுருக்கென்றது. வீட்டின் பெயரோ தெருவின் பெயரோ எங்கும் வராது என்று வாக்குக் கொடுத்தாள். எந்த வீடு என்று யாரும் கண்டுபிடித்துவிடாமல் அந்தப் பகுதியின் எண்களையும் மாற்றிவிட்டாள்.

மறு வருஷம் நாகமணியின் புருஷனும் கொழுந்தனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. கேள்விப்பட்ட ஸ்யாமளாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூடவே ஓர் ஆவலும் எழுந்தது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. கதவு மூடினால் ஜனங்கள் மெயின் ரோட்டைத்தான் சுற்றுவார்கள் என்று கணக்கு முன்பே சொல்லியிருந்தது. அது சரியா?

மெயின் ரோட்டு முனையில் போய் நின்றாள். குடத்தோடு ஒருவரும் வரவில்லை. குழம்பிப்போய்த் தெருவுக்குள் நடந்தபோது, மாவு மில்லுக்குள் நுழையப்போன நாகமணியே கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"வாங்க டீச்சர், இப்ப இந்த வழி. மில்லுக்காரர் பின் கதவைத் திறந்து விட்டுட்டாரு. தலையில மாவுதான் கொட்டும்."

மாவு படிந்த புடவையோடு அடுத்த தெருவில் வெளியே வந்தபோது ஸ்யாமளா சிரித்துக்கொண்டிருந்தாள். கணக்கு தப்பியிருந்தது. சுவர் எழுப்பினால் ஜனங்கள் இன்னொரு கதவைத் தட்டுவார்கள் என்பதை அவள் எந்த அட்டையிலும் அடித்திருக்கவில்லை. அப்படியானால் இந்த ஊரில் இன்னும் எத்தனை கதவுகள் இப்படிக் காத்திருக்கின்றன?

ஆராய்ச்சியை முடிக்க அவகாசம் கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாகப் போய், "உங்க வீட்டுப் பின்வாசல் எந்தப் பக்கம் திறக்கும்?" என்று விசாரித்தாள். வீட்டு வரி போட வந்தவள் என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் காபி கொடுத்து, பின்வாசல் வழியாகவே அனுப்பி வைத்தார்கள்.