எட்டாம் நாளில் வந்த பரீட்சை

நாற்பது வயதில், பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதப் போகிறேன் என்றதும் சிரித்தவர்களிடம் எனக்குக் கோபமில்லை. சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். "நல்லா படிம்மா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, பரீட்சை நாளன்று வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டார்களே, அவர்களிடம்தான் கோபம். இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுவது, சாப்பாடு ஊட்டுவது, பாயை விரிப்பது, சுருட்டுவது எல்லாம் என் வேலை. ஆசிரியை லீவு போட்டால் வகுப்பும் என் தலையில்தான். பாட்டு, எழுத்து, கூட்டல், கழித்தல் என்று அன்றைக்கு எல்லாம் நடக்கும். மறுநாள் ஆசிரியை வந்ததும் நான் துடைப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கென்று ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டேன். பள்ளியை நடத்தும் சீன அம்மா தயங்காமல் சொன்னார்: எஸ்பிஎம் சான்றிதழைக் கொண்டு வா, மலாயில் நல்ல தேர்ச்சி இருக்கட்டும், அடுத்த ஆண்டு ஆறு வயது வகுப்பு உனக்குத்தான். அவர் சொன்ன சொல் மாறாதவர். அதனால்தான் இறங்கினேன்.

எஸ்பிஎம் நான் எழுதாதவளும் இல்லை. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் பட்டணத்து மலாய்ப் பள்ளிக்குப் போனபோது, மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைத்தார்கள். அதையும் தாண்டி ஐந்தாம் படிவத்துக்கு வந்த வருடம் தோட்டம் கைமாறியது. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை போடப் போகிறோம், லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்றார்கள். மற்ற பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த வாரங்களில் நான் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். மற்ற பாடங்களில் தேறிவிட்டேன். மலாயில் தவறினேன். அந்த ஒன்றில் தவறினால் சான்றிதழே கிடையாது. மற்றதெல்லாம் எழுதியும் எழுதாத கணக்குத்தான். "அவளுக்குப் படிப்பு ஏறல" என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஏறாமல் என்ன, உட்கார்ந்து படிக்க வீடுதான் இல்லை. அதை யாரும் சொல்வதில்லை.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து, மலாயை மட்டும் திரும்ப எழுத, ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த மலாய் ஆசிரியைக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. என்னை "காக்" என்று மரியாதையாக அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே என் கட்டுரைகளைச் சிவப்பு மையால் குளிப்பாட்டினார். சந்தையில் மீன் பேரம் பேசும் என் மலாய் வேறு, பரீட்சைத் தாள் கேட்கும் மலாய் வேறு என்று புரியவே சில மாதங்கள் ஆயின. பஸ்ஸில் படித்தேன். சோறு வேகும்போது படித்தேன். வாய்மொழித் தேர்வை நன்றாகவே முடித்தேன். மிச்சம் இருந்தது எழுத்துத் தேர்வு. ஒரே நாள்தான், காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள்.

அப்போதுதான் என் கணவரின் பெரியப்பா இறந்துபோனார். நல்ல மனிதர். என் சமையலை ரசித்துச் சாப்பிடுவார். அவருக்காக நான் உண்மையாகவே அழுதேன். அடக்கம் முடிந்து ஈப்போவுக்குத் திரும்பிய சில நாளில் என் மூத்த நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, போன் செய்தார்.

"நாளான்னிக்கு எட்டு. நீ நாளைக்கே வந்துரு. பெரியப்பாவுக்கு உன் கை சமையல்னா உசுரு. கருவாட்டுக் குழம்பு நீதான் வைக்கணும்."

எட்டு என்றால் எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலையில் வைத்துக் கும்பிடுவது. என் பரீட்சை நாளும் அதேதான்.

"அக்கா, அன்னிக்குத்தான்கா எனக்குப் பரீட்சை. காலைலயும் இருக்கு, மத்தியானமும் இருக்கு. முதல் நாளே வந்து சமைச்சு வச்சிட்டுப் போறேனே."

"படையலுக்குப் பழைய சோறா வைப்பாங்க?"

"இல்லக்கா, ஒரு நாள்தான், அதை விட்டா ஒரு வருஷம்…"

"அடுத்த வருஷமும் பரீட்சை வரும்லா. பெரியப்பாவுக்கு எட்டு திரும்ப வருமா?"

செத்தவரை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினால் யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. என் கணவரைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, சண்டைக்குப் பயந்தவர். "சாவு வீடுலா. விடு, பாத்துக்கலாம்" என்றார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லவில்லை.

போனேன். சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் அடுப்பு. பரீட்சை மண்டபத்தில் தாளைத் திருப்பச் சொல்லும் நேரத்தில் நான் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊற வைத்துச் செதில் உரசிக்கொண்டிருந்தேன். மதியத் தாள் நேரத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டலைக் கிளறிக்கொண்டிருந்தேன். முன்னால் போட்டிருந்த கூடாரத்தில் ஆம்பிளைகள் கால்மேல் கால் போட்டுக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணி, தே ஓ இருக்கா?" என்று கேட்டு அடிக்கடி பால் இல்லாத தேநீருக்கு மட்டும் ஆள் வந்தது. சாயங்காலம் படத்துக்கு முன்னால் எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒருவர் சொன்னார், குழம்பில் உப்பு ஒரு கல் குறைச்சல் என்று.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். சடங்கு என்றால் சடங்கு, நாள் என்றால் நாள், மனிதர் நினைத்தபடி மாற்ற முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். மறுவாரம் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் பேச உட்கார்ந்தார்கள். கணக்குப்படி அது வியாழக்கிழமை வந்தது. ஜொகூரில் வேலை செய்யும் பெரியப்பாவின் மூத்த மகனுக்கு வியாழக்கிழமை லீவு கிடைக்காது என்றார்கள். உடனே நாத்தனார், "அதுக்கென்னா, ஞாயித்துக்கிழமை வச்சிக்குவோம். எல்லாருக்கும் வசதியா இருக்கும்" என்றார். சடங்கு செய்து வைப்பவரும் தலையாட்டினார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

"அப்படின்னா எட்டையும் நகத்தியிருக்கலாமேக்கா?" என்று கேட்டேன்.

"எட்டு வேற, பதினாறு வேற" என்றார்.

எட்டும் பதினாறும் வேறு இல்லை. அவனுடைய லீவும் என்னுடைய பரீட்சையும்தான் அவர்களுக்கு வேறு வேறு. ஒரு மகனின் வேலைக்காகச் செத்தவர் சில நாள் காத்திருப்பார். ஒரு மருமகளின் படிப்புக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டார். இதைச் செத்தவரிடம் கேட்டிருந்தால் அவரே வெட்கப்பட்டிருப்பார்.

அடுத்த ஆண்டு பரீட்சைத் தேதியை நான் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பெரியப்பாவின் முதல் வருடத் திதியையும் வசதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வைத்தார்கள். பரீட்சைக்குச் சற்று முன்னால்தான். அன்றைக்கும் அடுப்பில் நான்தான். மசாலாவை வதக்கிக்கொண்டே கட்டுரைக்கான குறிப்புகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பரீட்சை அன்று வேலைக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு, கணவரின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனேன். படிக்கிற காரியத்துக்குத் திருடி மாதிரி போக வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று, ஊர் கூடி ஒன்றாக வேலை செய்வதன் நன்மைகள். விசேஷ வீடுகளில் ஆணும் பெண்ணும் சமமாகச் சேர்ந்து உழைப்பதால் வேலை லேசாகிறது, ஒற்றுமை வளர்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கிய ஆம்பிளையை நான் கண்டதில்லை. ஆனால் மதிப்பெண் அதற்குத்தான் உண்டு. கூச்சமே இல்லாமல் எழுதினேன்.

தேறிவிட்டேன். நல்ல தேர்ச்சி. பாலர் பள்ளிக்கு ஓடிப்போய் அந்தச் சீன அம்மாவிடம் காட்டினேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருடம் நான் பரீட்சை எழுதாததால் அந்த வகுப்புக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார். அந்தப் பெண் நன்றாகச் செய்கிறாள், பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டார்கள், அவளை எப்படி அனுப்புவது? இன்னொரு வகுப்பு வந்தால் முதலில் உனக்குத்தான் என்றார். அவர் மேல் தவறில்லை, அந்தப் பெண் மேலும் இல்லை. அன்று மதியமும் நான் பாயைத்தான் விரித்தேன்.

இரவு குடும்ப வாட்சப் குழுவில் நாத்தனார் எழுதியிருந்தார்: எங்கள் வீட்டு மருமகள் நாற்பது வயதில் எஸ்பிஎம் தேறிவிட்டாள், குடும்பமே துணையாக நின்றோம், எல்லாம் பெரியப்பாவின் ஆசீர்வாதம். கீழே கும்பிடும் கைகள், கேக், பூங்கொத்து. வாழ்த்துகள் பாதிக்கு மேல் அவருக்கே போய்க்கொண்டிருந்தன.

என் கணவர், "விடுலா" என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்: "அக்கா, நீங்க யாரும் துணையா நிக்கல. போன வருஷம் பரீட்சை அன்னிக்கு என்னைச் சமைக்கக் கூப்பிட்டீங்க. அதனால எனக்கு வர வேண்டிய வகுப்பு போச்சு. இந்த வருஷம் உங்களுக்குச் சொல்லாம போனேன். அதனாலதான் பாஸ் பண்ணேன்."

கொஞ்ச நேரத்தில் கணவரின் போன் அடித்தது. "உன் பொண்டாட்டிக்குப் படிச்ச திமிரு வந்துருச்சு" என்று நாத்தனாரின் குரல் கேட்டது. போனை வாங்கினேன்.

"ஒரு வருஷந்தானேம்மா, அப்படி என்னா பெரிசா போயிருச்சு?" என்றார்.

"அது என் வருஷம்க்கா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

பல மாதங்கள் அவர் என்னோடு பேசவில்லை. போன மாதம் அவருடைய மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். அழைப்பு வந்தது, சமைக்கக் கூப்பிடவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் சாப்பாட்டு வேன் ஒன்று நின்றது. இரண்டு பேர் சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் இறக்கி மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஒரு போன்தான் போட்டேன், எல்லாம் கொண்டாந்து வச்சிட்டானுங்க, என்னா லேசு!" என்று நாத்தனார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வேனில் எழுதியிருந்த கடையின் பெயரைப் படித்தேன். எனக்குத் தெரிந்த கடைதான். சுங்கை சிப்புட்டில், எட்டாம் நாள் படையல் வைத்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பெரியப்பா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது.