மாநிறம் என்று ஒரு பொய்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அடுத்த நொடி வாய் திறந்துவிடும். இசக்கிசெல்விக்கு அப்படி இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும், கை மட்டும் வேகமாக ஓடும். பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கல்யாண வீடுகளுக்குப் போகிறோம். மணப்பெண்ணின் முக மேக்கப் அவள் பொறுப்பு. நான் தலை பின்னி, பூ வைத்து, சேலை கட்டிவிடுவேன். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் எங்கள் பார்லர் இருக்கிறது. கோபப்படுவதற்கு மட்டும் இந்தத் தொழிலில் பஞ்சமே கிடையாது.

செல்வி பிறந்தது திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில். கருப்பு. நான் மழுப்பவில்லை, அவளே அப்படித்தான் சொல்லுவாள். பள்ளிக்கூடம் முடித்ததும் தென்காசியில் ஒரு பேன்சி ஸ்டோரில் மேக்கப் சாமான் விற்கிற கவுண்டரில் நின்றாள். கண்ணாடி அலமாரியில் ஃபவுண்டேஷன், அதுதான் முகத்துக்கு முதலில் பூசுகிற பூச்சு, ஏழு பாட்டில் இருக்குமாம். ஏழும் வெளிறிய நிறம். கடைக்கு வருகிறவர்களோ நம்மைப் போல வெயிலில் நடந்து வருகிற சனம். "ஏழு பாட்டில்லயும் நம்மூரு பொம்பள ஒருத்திகூட இல்ல சத்யா" என்று இன்றைக்கும் சொல்லுவாள். சரக்கு போடுகிற ஆளிடம் கேட்டதற்கு, "இந்தப் பக்கம் டார்க் ஷேடு மூவ் ஆவாதும்மா" என்றானாம். கொண்டுவந்தே வைக்காத பாட்டிலை எவள் வந்து வாங்குவாள்? இந்த அறிவாளிகளுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

ஒருநாள் கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பில் போட வந்தாள். செல்வி அவளிடம், "இது ஒனக்குச் சேராது. மூஞ்சி சாம்பல் பூத்தாப்புல ஆயிரும். வாங்காத" என்று சொல்லிவிட்டாள். முதலாளி காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே வேலை போயிற்று. உண்மையைச் சொன்னதற்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

அதன் பிறகுதான் தானே கற்றுக்கொண்டாள். அவளிடம் மேக்கப்புக்கு வருகிற பெண் முதலில் சோப்புப் போட்டு முகம் கழுவி, ஒன்றும் பூசாமல் அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு மெல்லிய காகிதத்தை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் ஒற்றிப் பார்ப்பாள். எண்ணெய் ஒட்டினால் ஒரு வகை ஃபவுண்டேஷன், தோல் வறண்டு இழுத்தால் வேறு வகை. நிறத்தைக் கையில் போட்டுப் பார்க்க மாட்டாள். தாடையோரம் மூன்று கோடு இழுப்பாள். எந்தக் கோடு கழுத்தோடு கலந்து காணாமல் போகிறதோ அதுதான் அந்தப் பெண்ணுடையது. அப்போதும் அவசரப்பட மாட்டாள். எண்ணெய்த் தோலில் பத்து நிமிஷத்தில் ஃபவுண்டேஷன் கொஞ்சம் கருக்கும். அதுவரை காத்திருந்து, மாடியிலிருந்து இறக்கித் தெரு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பாள். டியூப் லைட்டை அவள் நம்பியதே இல்லை.

செல்போனில் வீடியோ போடுகிற பெண்கள், மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பாருங்கள், அதை வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். எங்கள் மணிக்கட்டில் நரம்பே தெரியாதே தாயே! எங்களுக்கு என்ன வழி? அதைச் சொல்ல எவளுக்கும் வாய் வரவில்லை.

கம்பெனிக்காரனையும் வீடியோக்காரியையும்கூட மன்னித்துவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது ஒரு வார்த்தை. மாநிறம். எங்கள் பக்கம் எந்த வீட்டுக்கு போன் போட்டு, பெண் என்ன நிறம் என்று கேட்டாலும் மாநிறம் என்றுதான் பதில் வரும். தரகர் நோட்டில் மாநிறம், கல்யாண விளம்பரத்தில் மாநிறம். கருப்பு என்று சொல்கிற ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் தெருவில் இறங்கினால் பாதிப் பேர் கருப்பு.

போன ஆனி மாதம் அச்சன்புதூரிலிருந்து முத்துலட்சுமி என்கிற அம்மா போன் செய்தார். மகள் ஜெயசித்ராவுக்குக் கல்யாணம், குற்றாலத்தில் மண்டபம். பெண் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், லீவு கிடையாது, முந்தின நாள் ராத்திரிதான் வருவாள், முன்கூட்டியே வந்து காட்ட முடியாது என்றார். செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள்.

"பிள்ளை என்ன நிறம்க்கா?"

"மாநிறந்தாம்மா."

"மாநிறம்னா எப்படிக்கா? ஒங்கள மாதிரியா, ஒங்க வீட்டுக்காரவுக மாதிரியா?"

"எல்லாரையும் மாதிரிதாம்மா. மாநிறம்."

போட்டோ அனுப்பச் சொன்னோம். வந்தது. இப்போதைய செல்போனுக்குத்தான் எல்லோரையும் வெள்ளையடிக்கத் தெரியுமே, அதிலும் பெண் மாநிறமாகத்தான் இருந்தாள். செல்வியிடம் இருந்த கருத்த ஷேடு பாட்டில் முந்தின வாரக் கல்யாணத்தோடு தீர்ந்திருந்தது. சென்னையிலிருந்து புதுசு வரவேண்டும், வரவில்லை. மாநிறம்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். தப்பு எங்கள் மேலும்தான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த வார்த்தையை நம்பியிருக்கக் கூடாது.

விடிகாலை ஐந்தரைக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மணப்பெண் அறையில் ஜெயசித்ரா முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல கருப்பு. பார்க்கப் பார்க்கத் திகட்டாத முகம், பெரிய கண். செல்வி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகத் தொடங்கியது.

நாங்கள் பெட்டியைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு சொல்லிருதேன். நிச்சயத்தன்னைக்கு ஒருத்திய கூட்டிட்டு வந்து எனக்குப் பூசிவிட்டாவ. மூஞ்சி ஒரு ஆளு, கழுத்து ஒரு ஆளுன்னு மாப்பிள்ள வீட்டுப் பயலுவ வாட்ஸ்அப்புல போட்டுச் சிரிச்சானுவ. இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா, மேடையிலயே தண்ணிய ஊத்திக் கழுவிருவேன். எனக்கு எம்மூஞ்சி வேணும்."

செல்வி பெட்டியில் இருப்பதிலேயே கருத்த பாட்டிலை எடுத்து அவள் தாடையில் ஒரு கோடு இழுத்தாள். சிலேட்டில் சாக்பீஸ் இழுத்த மாதிரி எடுப்பாக நின்றது. பின்னால் நின்ற முத்துலட்சுமி அம்மா, "அதான்மா, அதையே போடுங்க, நல்லாத்தான இருக்கு" என்றார். அவரும் கருப்புதான். மகளை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருந்தார்.

என்னால் முடியவில்லை. "என்னத்த நல்லா இருக்கு? மாநிறம் மாநிறம்னு எதுக்குக்கா போன்ல சொன்னிய? உள்ளதச் சொல்லியிருந்தா உள்ள சாமானக் கொண்டாந்திருப்போம்லா? ஒங்க பொய்யால இப்ப யாரு மூஞ்சி கெடப்போவுது?"

"பெறகு எப்படிம்மா சொல்ல?" என்றார் அவர். அவ்வளவுதான். பெற்ற தாய்க்கே மகளின் நிறத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"சத்யா, வாய மூடிட்டு தலையப் பின்னு" என்றாள் செல்வி.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. கடை திறக்கப் பத்து ஆகும். திறந்தாலும் அதே ஏழு பாட்டில்தான் இருக்கும். செல்வி பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, கான்டூர் குச்சி இரண்டைப் பொறுக்கி எடுத்தாள். அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளுத்தவர்களுக்கு மூக்கு கூராகத் தெரிய வேண்டும், கன்னம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்பதற்காக ஓரங்களில் நிழல் மாதிரி தேய்க்கிற அடர்ந்த பழுப்புக் குச்சி. அந்தப் பழுப்புதான் ஜெயசித்ராவின் முகம். முகத்துக்குப் பூச எங்கள் நிறத்தில் பாட்டில் செய்யமாட்டானாம். அடுத்தவள் மூக்குக்கு நிழல் காட்ட மட்டும் எங்கள் நிறம் வேண்டுமாம்! கையில் சீப்பு இல்லாமல் செருப்பு இருந்திருந்தால் அந்தக் குச்சியை அங்கேயே அடித்திருப்பேன்.

செல்வி இரண்டு குச்சியையும் தட்டில் சுரண்டினாள். வெந்நீர் டம்ளர் மேல் தட்டை வைத்து இளக்கி, ஃபவுண்டேஷனைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தாள். முதல் கலவை சிவந்து போயிற்று. கண்ணிமைக்குப் போடுகிற மஞ்சள் பவுடரைத் துளி சேர்த்தாள். இரண்டாவது நெருங்கி வந்தது, பத்து நிமிஷத்தில் கருத்துப் போனது. அவள் கை ஓடிய வேகத்தைப் பார்த்தே எவ்வளவு கோபத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கோட்டை இழுத்து, பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மேக வெளிச்சத்தில் நிறுத்தினாள். நானும் போய்ப் பார்த்தேன். கோட்டைக் காணோம்.

கலவை கொஞ்சம்தான் இருந்தது. மெல்லிசாகப் பூசினாள், அதுவே நல்லதாயிற்று. எட்டேகாலுக்கு ஜெயசித்ரா கண்ணாடியைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பி, தாடையைத் தூக்கி, காதோரம் வரை பார்த்தாள். "நாந்தாங்கா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மணமேடைக்குக் கூட்டிப்போகும்போது மேடைப் படிக்குப் பக்கத்தில் முத்துலட்சுமி அம்மா குறுக்கே வந்தார். கையில் பவுடர் டப்பா. "லேசா ஒரு ஒத்து, லேசாத்தான்" என்று சொல்லிக்கொண்டே மகளின் கன்னத்தில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டார். கன்னத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது.

அவர் கையைப் பிடித்துவிட்டேன். "கைய எடுங்கக்கா! ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

அவர் கையை உதறினார். இதுவரை இல்லாத சத்தம் அவரிடமிருந்து வந்தது. "ஒங்களுக்கென்ன, நாளைக்கு வேற கல்யாணத்துக்குப் போயிருவிய. அந்த வீட்டுல சொல்லு கேக்கப்போறது எம்பிள்ளைல்லா? நா கேட்டேம்மா. முப்பது வருசம் எங்க மாமியா என்னைய கருவாச்சின்னுதான் கூப்பிட்டா. சாவுற அன்னைக்கும், கருவாச்சி தண்ணி கொண்டான்னு கேட்டுட்டுத்தான் செத்தா. முத்துலட்சுமின்னு எனக்கு ஒரு பேரு இருக்குன்னு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

காலையிலிருந்து இந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தவள், இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன். செல்வி ஈரப் பஞ்சால் அந்த வெள்ளையை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயசித்ராதான் பேசினாள். "யம்மா, என்னைய ஒருத்தரும் அப்படிக் கூப்பிட முடியாது. கூப்பிட்டா நா போவ மாட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் போவேன்."

"இதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கும்ட்டி" என்றார் அம்மா.

அப்போதுதான் மேடையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை மாரித்தாய் கூப்பிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டுக் கேலிதான். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "ஏட்டி கருத்தவளே, ஐயரு கூப்பிடுதாரு. சீக்கிரம் ஏறி வா!"

முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெயசித்ரா படியில் வைத்த காலைக் கீழே எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, காது கேக்கலியா? கருத்தபிள்ள, ஒன்னியத்தான்!"

அவள் அசையவில்லை. தலையைக் குனியவும் இல்லை. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மணிகண்டபிரபு எழுந்திருக்கவா வேண்டாமா என்று முழித்தான். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மண்டபத்தில் சிரிப்பு போய் முணுமுணுப்பு கிளம்பியது. எங்கே இந்தப் பெண் கல்யாணத்தையே கெடுத்துக்கொள்வாளோ என்று நினைத்து ஒரு எட்டு அவள் பக்கம் வைத்தேன்.

முத்துலட்சுமி அம்மா மகளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பவுடர் டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"மைனி, எம்பிள்ள கருப்புதான். என்னைய மாதிரி கருப்பு. அவளுக்குப் பேரு ஜெயசித்ரா. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மாரித்தாய் சிரிப்பை விட்டுவிட்டார். பிறகு அவர் ஒரு படி கீழே இறங்கி வந்து கையை நீட்டினார்.

"ஜெயசித்ரா, வாம்மா."

அவள் ஏறினாள்.