புஷ்கரில் இருபத்தேழு நிமிடம்

வியாழன், மாலை 4.10. கே.கே.பட்டியில் டவுன் பஸ் ஏறினோம். காமயகவுண்டன்பட்டி என்று முழுப் பெயரையும் சொல்கிறவர் எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். கம்பம் ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை நூற்றுப் பதினைந்து. இருபத்திரண்டு வருடமாக ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாலைவனப் பாடம் நடத்துகிறேன். ஒரு கைப்பிடி பாலைவன மணலைக் கண்ணால் பார்த்ததில்லை. "டீச்சர், நீங்க அங்கன போயிருக்கீகளா?" என்று வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். நான் உடனே வரைபடத்தை மாட்டுவேன்.

இந்த அரையாண்டு லீவில் போயே தீருவது என்று அறுபது நாளைக்கு முன்பே டிக்கெட் போட்டேன். எங்கள் தோட்டத்தில் திராட்சை வெட்டு முடிந்துவிட்டது, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டேன். போகும் இடம் ராஜஸ்தானில் புஷ்கர். நடுவில் ஏரி, ஏரியைச் சுற்றி ஊர், ஊருக்கு வெளியே மணல். அங்கே போய்ச் செய்யவேண்டிய ஏழு வேலைகளை நோட்டில் எழுதியிருந்தேன். எதைச் செய்தாலும் நேரத்தைக் குறித்துவைப்பது என் பழக்கம். இதில் வரும் நேரமெல்லாம் அந்த நோட்டில் உள்ளபடிதான்.

சனி, காலை 11.30. சென்னையில் ஏறிய ஜெய்ப்பூர் ரயில் நாக்பூரைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் சீட்டில் உட்கார்ந்தால்தானே! கதவுப் பக்கம் போவார், வருவார், மறுபடி போவார். சர்க்கரை கிர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்து பின்னால் போனேன். வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் நின்று போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே செல்வம், மேகமலைப் பக்கம் கருத்திருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுடா."

போனை வைக்கும்வரை காத்திருந்தேன். "யாரு தோட்டத்துக்கு வானம் பாக்குறீக?"

திருட்டு முழி முழித்தார். பிறகு சொன்னார். சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, அண்ணனும் தம்பியுமாகக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார்கள். "இன்னைக்கு நூத்தி நாலாவது நாளு" என்றார். கொடியைக் கழித்துக் கவாத்து செய்த நாளிலிருந்து எண்ணுவது எங்கள் வழக்கம். நூற்றுப் பதினைந்தைத் தாண்டினால்தான் பழத்தில் இனிப்பு ஏறும். அதற்குள் ஒரு நல்ல மழை விழுந்தால் போச்சு, பழமெல்லாம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை ஈ தவிர யாரும் தொடமாட்டார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டிக்கெட்டே போட்டிருக்க மாட்ட."

உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்காக வந்தது. போபால் வரும்வரை ஸ்டேஷன் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு, பகல் 12.40. ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் பஸ்ஸில் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே வேறு பஸ் மாறி ஒரு மலையை ஏறி இறங்கினால் பதினைந்து கிலோமீட்டரில் புஷ்கர். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி லாட்ஜ், நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பையை வைத்ததும் நான் ஜன்னலைத் திறந்தேன், அவர் சார்ஜரை மாட்டினார்.

நோட்டில் முதல் வேலை, ஏரியைச் சுற்றி நடப்பது. ஐம்பத்திரண்டு படித்துறைகள். செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட வேண்டும். வாசலில் ஒருவர் கையில் பூவைத் திணித்து, பூசை செய்து, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிக் காணிக்கை கேட்பார்; எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் நூறு கொடுத்தேன், அவர் முகம் சுளித்தார், நானும் சுளித்தேன். படியில் குனிந்து ஒரு சொட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை! பாலைவன ஏரி என்றால் உப்பு ஏரி என்று இருபத்திரண்டு வருடம் அடித்துச் சொல்லியிருக்கிறேனே, எத்தனை பிள்ளைகள் அதை எழுதி மார்க் வாங்கியிருக்கும்!

"இங்க வாங்க, தண்ணி நல்ல தண்ணி" என்று கூப்பிட்டேன். வீட்டுக்காரர் நாலு படிக்கு மேலே போனை உயர்த்திப் பிடித்து டவர் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கள், காலை 8.15. பிரம்மா கோயில். பிறகு மால்புவா, நெய்யில் பொரித்துப் பாகில் ஊறவைத்த பணியாரம், தட்டு நாற்பது ரூபாய். பிறகு ரோப் காரில் சாவித்திரி கோயில் மலை. மேலிருந்து பார்த்தால் ஏரியும் வெள்ளை வீடுகளும் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம். "இங்கன டவர் நல்லாக் கிடைக்குது" என்றார். அந்த மலையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். ரோஜாத் தோட்டத்திலும் அதே கதை. பூவைப் பார்க்காமல் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்தார். எனக்கும் அந்த அரிப்பு தொற்றிக்கொண்டது. எங்கே நின்றாலும் அடுத்த இடம், அடுத்த இடம் என்று நோட்டில் டிக் அடித்துக்கொண்டே ஓடினேன். நான் பார்க்க வந்தது பாலைவனத்தில் சூரியன் மறைவதை. அது ஒன்றாவது ஒழுங்காக வாய்க்கவேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

மாலை 4.20. ஒட்டக வண்டி, இரண்டு பேருக்கு அறுநூறு ரூபாய். வண்டிக்காரர் பெயர் பன்வர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு: எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளா என்பதால், வேற்று பாஷைக்காரர் யாரைக் கண்டாலும் வாயில் மலையாளம் வந்துவிடும். "சேட்டா, இவிட மழ உண்டோ?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர், ராஜஸ்தானில்! இவர் கை வானத்தைக் காட்டியதைப் பார்த்துப் பன்வர் புரிந்துகொண்டு, "நஹி, நஹி" என்று வருத்தமாக உதட்டைப் பிதுக்கினார். ஒரு மழை விழுந்தால் கடுகு பிழைக்கும் என்று சொன்னதாக என் அரைகுறை இந்திக்கு விளங்கியது. மழை இல்லை என்றதும் இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாலை 5.05. மணல்மேடு. காலில் ஏறிய மணல் ஜில்லென்று இருந்தது. புத்தகத்தில் அது கிடையாது. அவர் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. கொஞ்ச நேரம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். போன் செத்ததும் மனிதர் உயிர் பிழைத்தார். தானாகவே போய் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். அது எழுந்தபோது, "ஆத்தாடி!" என்று அலறிவிட்டுச் சிரித்தார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

மாலை 5.20. என் போன் அடித்தது. செல்வம்.

"மதினி, அண்ணன் போனு போக மாட்டேங்குது. மேகமலைப் பக்கம் கருகருன்னு ஏறி வருது. ஆளுக பன்னண்டு பேரு நிக்கிறாக. வெட்டவா, இல்ல பொறுத்திருக்கவா? இருட்டுறதுக்குள்ள வெட்டியாகணும். அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

நூறடி தூரத்தில் அவர் கையை ஆட்டினார். "இங்கன பாரு, ஒரு பொட்டு மேகம் இல்ல!"

நான் கண்ணால் பார்த்திராத தோட்டம் அது. "வெட்டு" என்றேன்.

"அண்ணன் சொன்னாகளா?"

"சொல்லிட்டாக. வெட்டு."

போனைப் பைக்குள் போட்டேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மணல் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, எங்கள் நிழல் நீண்டு அடுத்த மேட்டில் போய் ஏறியது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. 5.47க்குச் சூரியன் போனது.

அதற்குப் பிறகுதான் செல்வம் கேட்டதையும் நான் வெட்டச் சொன்னதையும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நூத்தி ஆறாவது நாளு. புளிக்குமே" என்றார். பிறகு, "எப்ப போன் வந்துச்சு?"

"இப்பத்தான்."

என் போனை வாங்கித் தம்பியை அழைத்தார். "நீங்க சொன்னபடி வெட்டிக்கிட்டிருக்கோம்" என்று செல்வம் சொன்னது எனக்கே கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, நான்தான் சொன்னேன். சீக்கிரம் முடிங்க" என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது, சுருளிப்பட்டித் தோட்டத்தில் வெட்டிய பாதி புளிப்போடு ஜூஸுக்குப் போயிருந்தது. விடிய விடியப் பெய்த மழையில் வெட்டாத பாதி வெடித்துக் கிடந்தது. "சரியான நேரத்துல வெட்டச் சொன்னீக" என்று ஊரில் அவரைப் பாராட்டுகிறார்கள். அவர் தலையாட்டுகிறார். கேட்டிருந்தால் பொறுத்திருக்கத்தான் சொல்லியிருப்பார், மொத்தமும் போயிருக்கும். அதனால்தான் கேட்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பொய். எனக்கு அந்தச் சூரியன் வேண்டியிருந்தது, அதுவும் அந்தச் சிரிப்போடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

புஷ்கர் மணல் இப்போது என் வகுப்பு மேசையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். ஏரி நல்ல தண்ணீர் என்றும் திருத்திச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்றைத் திருத்தவேண்டியிருக்கிறது. அன்று அவர் என் போனை வாங்கியபோது செல்வம் பெயருக்குக் கீழே நேரமும் இருந்தது. படிக்கிற கண்ணாடியை லாட்ஜில் வைத்துவிட்டு வந்திருந்தார். பார்த்தாரா இல்லையா, இன்றுவரை தெரியவில்லை. இதை அச்சுக்கு அனுப்புமுன் படிக்கக் கொடுக்கப்போவது அவரிடம்தான். கண்ணாடியையும் எடுத்துக் கையில் கொடுப்பேன்.

போன் வந்தது 5.20க்கு.