உமாராணியும் ஆர்கோன் பட்டாளமும்

இந்தப் பால்வெளி மண்டலத்தில் உமாராணியைவிடக் குறி தப்பாமல் சுடக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. எல்லாக் கிரகத்திலும் விசாரித்தாகிவிட்டது. புதன் கிரகத்தில் ஒருத்தர் இருக்கிறார் என்றார்கள். அவரும் இவள் பெயரைக் கேட்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காய்கறி வியாபாரத்துக்குப் போய்விட்டாராம். ராக்கெட் விடுகிறவர்களுக்கு மட்டும் இவள் விலாசம் தெரிந்தால், கோவில்பட்டி ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்கிற மாதிரி ராக்கெட்டும் இரண்டு நிமிஷம் நின்று, இவளை ஏற்றிக்கொண்டுதான் நிலாவுக்குக் கிளம்பும்.

அப்பேர்ப்பட்ட வீராங்கனைக்கு வேலை தீப்பெட்டி ஆபீசில். இந்தப் பக்கம் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்குப் பெயர் ஆபீஸ். பெண் பார்க்க வருவதாக இருந்த திருச்சிக்காரர்களிடம் உமாராணி போனில், "ஆபீசுல லீவு சொல்லிட்டேன்" என்று சொல்ல, அவர்கள் கம்ப்யூட்டர், ஏசி, சுழல் நாற்காலி எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுக்கொண்டு வந்திறங்கினார்கள். விரலில் தீக்குச்சி மருந்து வாசத்தோடு காபி நீட்டியவளைப் பார்த்துவிட்டு டம்ளரைப் பாதியில் வைத்தார்கள். இந்தக் கதையை உமாராணியே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "மிச்சக் காபிய நான்தான் குடிச்சேன்" என்று முடிப்பாள். வயது முப்பத்து மூன்று. பன்னிரண்டு வருஷமாகக் குச்சியைக் கையால் அள்ளிப் பெட்டியில் அடைக்கிற வேலை. பெட்டிக்கு நாற்பது குச்சி. எண்ணுவதில்லை. கை அள்ளினால் நாற்பது.

இவளுக்குச் சிநேகிதி பிர்தௌஸ். முழுப்பெயர் ஜன்னதுல் பிர்தௌஸ், வயது பதினேழு. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடமும் அவளும் ஒத்துவராமல் பிரிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாப்பா செய்யது அலியின் மொபைல் சர்வீஸ் கடையில் இருக்கிறாள். ரிப்பேருக்கு வந்த போன்களில் ரிங்டோனை ஆட்டுச் சத்தமாக மாற்றி, ஒன்றும் தெரியாத முகத்தோடு திருப்பிக் கொடுப்பாள். மார்க்கெட்டில் ஒரே நேரத்தில் மூன்று ஆடு கத்தினால், அதில் இரண்டு பிர்தௌஸின் கைவேலை.

போன திங்கட்கிழமை கடம்பூரிலிருந்து வெயிலுமுத்து அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். பைக்குள் கையில் பிடித்து விளையாடுகிற பழைய கேம் செட் ஒன்று. மகன் சின்ன வயதில் விளையாடி, பரணில் போட்டது. பேட்டரி உப்பி, முதுகு பிளந்து கிடந்தது.

"சென்னையில பேத்தி கேக்குது தாயி. ஞாயித்துக்கிழமை ரயிலுக்குப் போறேன். நாலு மணிக்கு வாரேன், உசுரு குடுத்து வையி."

பிர்தௌஸ் செட்டைத் திறந்தாள். உள்ளே சொருகியிருந்த கேமின் பெயரைப் படித்தாள். உமாராணி வாயால் நூறு தடவை கேட்ட பெயர். உடனே போனை எடுத்து, எழவு சொல்கிற குரலில் உமாராணியிடம் சொன்னாள்: "அக்கா, ஒனக்கு ஒரு தபால் வந்திருக்கு. கடைசித் தபால்."

உமாராணி மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, வெளையாடாத. லாஸ்ட் போஸ்டா?"

பதினைந்தே நிமிஷத்தில் கடை வாசலில் நின்றாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. "போஸ்டுன்னா தபால் இல்லட்டி கூறுகெட்டவளே, காவல் நிக்கிற எடம்" என்று திட்டிக்கொண்டே கையை நீட்டினாள்.

இத்தனை அவசரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. உமாராணியின் அண்ணன் சுடலைராஜ் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் தங்கச்சிதான் காவல். வேலை இல்லாத நேரம் கம்ப்யூட்டரில் இருந்த ஆர்கோன் கார்ட்ஸ், அதாவது ஆர்கோன் காவலர்கள் என்கிற சுடுகிற விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. வேற்றுக் கிரகம், இயந்திரத் தேள்கள், அவற்றோடு மல்லுக்கு நிற்கிற சின்னப் பட்டாளம். பட்டாளத்தில் வேரா என்று ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள், எல்லாரும் ஓடி முடித்த பிறகுதான் ஓடுவாள். உமாராணிக்கு அவள் மேல் உயிர்.

முதல் பாகம், இரண்டாம் பாகம் முடித்தாயிற்று. மூன்றாம் பாகத்தைத் திறந்தால் முதல் காட்சியிலேயே வேராவுக்குச் சிலை. எப்படிச் செத்தாள், எங்கே செத்தாள், ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கதை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வந்த லாஸ்ட் போஸ்ட் என்கிற பாகத்தில்தான் இருக்கிறது. அது இந்தக் கை செட்டில் மட்டும்தான் ஓடும். துபாயிலிருந்து வந்த அண்ணனின் கூட்டாளி ஒருத்தன் தன் செட்டை இரண்டு வாரம் இரவல் கொடுத்தான். பன்னிரண்டு கட்டத்தில் பதினொன்றை முடித்திருந்தாள். அவனுக்கு விமானம் வந்துவிட்டது. அதோடு பதினெட்டு வருஷம் ஓடிப்போயிற்று. நாலாம் பாகம், ஐந்தாம் பாகம் எல்லாம் வந்து முடிந்தன. உமாராணிக்கு மட்டும் வேரா இன்னும் பன்னிரண்டாம் கட்டத்து வாசலில் நிற்கிறாள்.

"யூடியூப்ல தேடுனா முடிவு ரெண்டு நிமிசத்துல வரும்க்கா" என்றாள் பிர்தௌஸ்.

"அடுத்தவன் விளையாடுனத நான் பாக்கவா? அது எழவு வீட்டு வீடியோவப் போட்டுப் பாக்குற மாதிரிட்டி. நானே கூட்டிட்டுப் போயி நானே பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை பிர்தௌஸ் ஒரு பழைய போன் பேட்டரியை அளவாக வைத்து ஒட்டி, செட்டை எழுப்பிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டு உமாராணி நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். ஸ்டூலில் உட்கார்ந்து செட்டைக் கையில் எடுத்தால் வயதில் பாதி குறைந்துவிடும்.

"இந்தப் பாட்டக் கேளுட்டி, இதத்தான் மூணாம் பாகத்துல ஊதல் இசையா மாத்திட்டானுவ, பாவிப் பயலுவ. இந்தக் கதவு தெரியுதா? அஞ்சாம் பாகத்துல இதே கதவுதான், துருப்பிடிச்சு வரும். அன்னைக்கு எனக்கு இது தெரியாதுல்லா!"

தெரிந்த ஊருக்குத் திரும்பிப் போனவள் மாதிரி ஒவ்வொரு சந்தாகக் காட்டினாள். கிரகம் முழுக்கக் கறுப்பு மண். வேரா நடந்தால் பூட்ஸில் மண் அப்பி நடை தளரும். உமாராணிக்கு அதில் ஏகப் பெருமை. "மழை பெஞ்ச கரிசல்ல நடந்து பாத்தவன்தான் இத வரைஞ்சிருக்கான். ஓட்டப்பிடாரத்துக்கு வந்துட்டுப் போயிருப்பான், நாமதான் கவனிக்கல."

பிர்தௌஸ் கொட்டாவி விட்டாள். "இதெல்லாம் ஒரு கேமா? டப்பா. படம் கட்டம் கட்டமாத் தெரியுது. எத்தன குண்டு மிச்சம்னுகூடக் காட்ட மாட்டேங்குது."

அது உண்மை. திரை சின்னது என்று குண்டு எண்ணிக்கையை எடுத்துவிட்டார்கள். சண்டை நடுவில் துப்பாக்கி காலியானால் அதோடு கதை முடிந்தது. ஆர்கோன் ரசிகர்கள் உலகம் முழுக்க இதற்காகத்தான் இந்த ஒரு பாகத்தைத் திட்டுகிறார்கள். உமாராணி மட்டும் திட்டவில்லை. ஒரு தடவை நிரப்பினால் நாற்பது குண்டு. அவள் கட்டைவிரலுக்கு நாற்பது தெரியும். குண்டைக் குச்சி என்பாள், நிரப்புவதைப் பெட்டி மாற்றுவது என்பாள். பேச்சு ஒரு பக்கம் ஓடும், சுடுவது ஒரு பக்கம் நடக்கும். சரியாக நாற்பதாவது குச்சியில் பெட்டி மாறும். ஒரு தடவைகூடத் துப்பாக்கி வெறும் டிக் சத்தம் போட்டதில்லை. பக்கத்தில் சோல்டரிங் வேலை பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு பிர்தௌஸ் இதைத் திருட்டுத்தனமாக எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

எண்ணுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் பொய் முடிவுகளை அவிழ்த்துவிடுவாள். ஒருநாள், வேரா தேளுக்கு வாக்கப்பட்டுப் போய்விடுகிறாள் என்றாள். இன்னொரு நாள், வேரா ஆம்பளை என்று தெரிந்துவிடுகிறது என்றாள். சனிக்கிழமை, "எல்லாம் கனவுக்கா, அவ மணியாச்சி ஜங்ஷன்ல பெஞ்சுல தூங்கி முழிக்கா" என்றபோது உமாராணி சோல்டர் கம்பிச் சுருளை எடுத்து எறிந்தாள். குறி தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாப்பா போன் உதிரிப்பாகம் வாங்க மதுரைக்குப் போய்விட்டார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பன்னிரண்டாம் கட்டம். பட்டாளத்தின் விண்கப்பல் கிளம்புகிறவரை வேரா வாசலைக் காக்க வேண்டும். எதிரே வீட்டு உயரத்துக்கு இரும்புத் தேள் ஒன்று.

இரண்டு மணியிலிருந்து உமாராணி ஏழு தடவை செத்தாள். எட்டாவது தடவை வாலைக் குறிபார்த்தாள், ஒன்பதாவது தடவை வயிற்றை. பிர்தௌஸ் டீ வாங்கி வந்து வைத்தாள், ஆடை படிந்தது. மூன்றரை ஆனது.

"முடியலன்னா விடுக்கா. கேமுதான்."

"பேசாம இரு."

"இல்ல, கண்ணு செவந்துட்டு, அதான் சொல்லுதேன்."

"பதினெட்டு வருசம் வாசல்ல நிக்க வச்சிருக்கேன்டி அவள. இன்னைக்கு விட்டா இனி செட்டு ஏது?"

பிர்தௌஸ் மின்விசிறியைத் திருப்பி உமாராணி பக்கம் வைத்தாள்.

பத்தாவது ஆட்டத்தில் உமாராணி ஒரு காரியம் செய்தாள். தேளைப் பார்ப்பதையே விட்டாள். ஆபீசில் பெட்டியைப் பார்த்துக்கொண்டா அடைக்கிறாள்? கண்ணைத் தேளின் காலடி மண்ணில் வைத்தாள். மண் கிளம்புகிற பக்கம் விலகினாள், கை தன்பாட்டுக்குச் சுட்டது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, நாலு பெட்டி. ஐந்தாவது பெட்டியில் தேள் முன்னங்காலை மடித்து, கறுப்பு மண்ணில் குப்புற விழுந்தது. பிர்தௌஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். எழுந்ததை மறைக்கச் சும்மா ஒரு டிராயரைத் திறந்து மூடினாள்.

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து வெயிலுமுத்து அண்ணாச்சி உள்ளே வந்தார். "என்ன தாயி, உசுரு வந்துட்டா?"

"அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம்" என்றாள் உமாராணி, தலையைத் தூக்காமல். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

திரையில் கப்பல் உறுமியது. வாசலை வெளியிலிருந்துதான் மூட முடியும். எல்லாரும் உள்ளே ஓடினார்கள். வேரா மட்டும் ஓடவில்லை. கதவை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி நின்றாள். தூசிக்குள்ளிருந்து சின்னத் தேள்கள் கூட்டமாக வந்தன.

உமாராணி சுட ஆரம்பித்தாள். நடுவில் ஒருமுறை பெட்டி மாற்றுகிற பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. இடுப்பில் வேறு பெட்டி கிடையாது. இதுதான் கடைசி. விளையாடுகிற மற்றவர்களுக்கு இது தெரியாது. சுட்டுக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று முடிந்துவிடும். உமாராணிக்குத் தெரிந்தது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

ஆட்டத்தை நிறுத்திவைக்கிற பொத்தானை அழுத்தினாள். வேரா துப்பாக்கியை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு." உமாராணி திரையைத் தொட்டுக் காட்டினாள். "இதையும் சுட்டா அவ போயிருவா. நானே எப்படிட்டி…"

மணி நாலைத் தாண்டி ஐந்து நிமிஷம். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உமாராணியைப் பார்த்தார், கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார். உமாராணியின் கட்டைவிரல் பொத்தான் மேல் போவதும் விலகுவதுமாக இருந்தது. பிர்தௌஸால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சுடுக்கா" என்றாள் மெதுவாக. "அவ விழுறதக் காட்டவே மாட்டாவ. சுட்டதும் அண்ணாந்து பாப்பா. மேல கப்பல் போயிட்டிருக்கும். அவ்வளவுதான். பயப்படாத."

உமாராணி மூச்சை இழுத்துவிட்டு அழுத்தினாள். நாற்பது.

வேரா அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் கப்பல் ஒரு பொட்டாகி, பொட்டும் மறைந்தது. கறுப்பு மண்ணில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் விழுவதைக் காட்டவில்லை. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

உமாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எல்லாரும் தப்பிச்சிட்டானுவ அண்ணாச்சி. ஒருத்தன் பாக்கியில்லாம." அண்ணாச்சிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனாலும் "நல்லது தாயி" என்று மனசாரச் சொல்லி, செட்டை மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் உமாராணி திரும்பினாள்.

"ஏட்டி பிர்தௌஸு. அந்த டப்பா கேமை நீ எப்ப முடிச்ச?"

"நானா? யூடியூப்ல பாத்தேன்க்கா."

"அப்படியா. கையக் காட்டு."

"கையில என்ன இருக்கு?"

உமாராணி அவள் வலது கையை இழுத்துப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரல் நுனியில், பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு கொப்புளம்.

"யூடியூப்ப ரொம்ப அழுத்தித்தான் பாத்திருக்க" என்றாள்.